கடலைப் படையின் நான்காவது வில்லை

"மூணு தடவை சுட்டேன், இசோபே சான். மூணும் உங்க முதுகுல பட்டுத் தெறிச்சதை—"

"ஒண்ணு கூடப் படல. பட்டிருந்தா நான் கையைத் தூக்கிட்டு—"

"என் கண்ணால பார்த்தேங்கறேன்."

"—வெளிய நடந்திருப்பேங்கறேன். என் முதுகு எனக்குத் தெரியாதா?"

"வெள்ளை ரவை, பச்சை வெஸ்ட். அது தெரியாத அளவுக்கு என் கண்ணு கெட்டுப் போகல."

"அப்ப நான் பொய் சொல்றேனா, டொக்கிவா சான்?"

"அந்த வார்த்தையை நான் சொல்லல."

"சொல்லாமலே சொல்றீங்க."

இருவருக்கும் நடுவில் நீளமான மடக்கு மேசை. அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடிகள், முகமூடிகள், விளையாட்டுத் துப்பாக்கிக்கான பிளாஸ்டிக் ரவை டப்பாக்கள், யாரோ பாதி தின்று வைத்த சோற்றுருண்டை. சுற்றிலும் வலை. வலைக்கு அப்பால் தேவதாரு மரங்கள். அந்தப் பக்கம் போனால் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. இந்தப் பக்கம் வந்தால் துப்பாக்கியில் ரவை இருக்கக் கூடாது. அடுத்தடுத்த மேசைக்காரர்கள் எதையோ துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் காதிலிருந்தும் ஒரு வார்த்தை தப்பவில்லை.

"பிரேக்கைப் போடுங்க ரெண்டு பேரும்" என்றபடி குராமொச்சி நடுவில் வந்தார். வாகன ஓட்டுநர் பள்ளியில் பயிற்சியாளர் அவர். மைதானத்திலும் அந்தக் குரல் போகாது. "டொக்கிவா, விதிப் போர்டுல மூணாவது வரி என்ன?"

"எனக்குத் தெரியும்."

"சந்தேகம் இருந்தா நேருக்கு நேர் சண்டை கூடாது, மைதானத்து ஆளுங்ககிட்ட சொல்லணும். பதினோரு வருஷமா வர்ற ஆளு நீ. நானா உனக்குப் படிச்சுக் காட்டணும்?"

"சரி, சொல்லிடறேன்" என்று டொக்கிவா ஆரஞ்சுச் சட்டைக்காரப் பெண்ணிடம் நடந்தார். சொன்னார். அந்தப் பெண் இசோபேயின் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த அட்டையில் எதையோ எழுதிக்கொண்டாள்.

இசோபே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை.

இந்த ஆட்டத்தில் யாரும் யாரையும் வெளியேற்றுவதில்லை. ரவை பட்டவரே "ஹிட்" என்று கத்தி, கையைத் தூக்கி, தானாக வெளியே நடக்க வேண்டும். பட்டும் படாததுபோல் உலவுகிறவருக்கு ஜோம்பி என்று பெயர். இந்த யாச்சிமாத்தா ஊரில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், பக்கத்து ஊர் மைதானங்களுக்கும் அது கூடவே வரும்.

இன்றைக்கென்று பார்த்தா அது ஒட்ட வேண்டும்? குராமொச்சியின் சட்டைப் பையில் ஒரு துணி வில்லை இருந்தது. தலைக்கவசம் போட்ட வேர்க்கடலை, மஞ்சள் நூலில் தைத்தது. குராமொச்சி, டொக்கிவா, ஹிரானுமா மூவரின் தோளிலும் அதேபோல் ஒன்று. சுற்றிலும் கடலைக் காடு என்பதால் கடலைப் படை. இசோபே ஆறு மாதமாக இவர்களோடு வருகிறாள். இன்று மட்டும் எண்ணிக்கை சமப்படுத்த டொக்கிவாவை எதிராளிகளின் மஞ்சள் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான்காவது வில்லை தைத்து வந்தாகிவிட்டது, மாலையில் கொடுப்பதாகப் பேச்சு. மூன்று பேரும் சம்மதித்தால்தான் கொடுப்பது.

*

"நீ என்ன நினைக்கிற, ஹிரானுமா?"

"குழம்பு ஆறுது. சாப்பிடுங்க."

"நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறியா?"

"இல்லையே."

"அப்ப டொக்கிவா சான் பொய் சொல்றார்னு நினைக்கிறியா?"

"அதுவும் இல்ல."

"ரெண்டுல ஒண்ணு இருந்தாகணுமே."

ஹிரானுமா ஊறுகாய் இஞ்சியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். இருவரும் ஒரே பல் மருத்துவமனையில் வேலை. ஹிரானுமா பல் சுத்தம் செய்கிறவள், முப்பத்தொரு வயது. இசோபே வாசலில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கிறவள், ஐம்பத்தேழு. இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்ததே ஹிரானுமாதான்.

அகிஹாபாராவில் இந்த ஆட்டச் சாமான் விற்கும் கடைக்கு முதல் தடவை போனபோது நான்கு பேரும் சேர்ந்தே போனார்கள். "முழு முகமூடி வாங்குங்க. முன்பல்லு உடைஞ்சு வர்றவங்க நாலு பேரையாவது வருஷா வருஷம் பார்க்கிறேன்" என்றாள் ஹிரானுமா. "ஷூவுல காசைப் போடுங்க, மத்ததெல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்" என்றார் குராமொச்சி. டொக்கிவா இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு நேராக, தொங்கவிட்டிருந்த ஒரு வெஸ்டிடம் போய் நின்றார். "இதுதான். நான் போட்டிருக்கிற அதே வெஸ்ட். முன்னும் பின்னும் காப்புப் பலகை வைக்கலாம், பின்னால தண்ணிப் பை மாட்டலாம். வாடகைச் சட்டையில வர்றவங்களை யாரும் ஆளா மதிக்க மாட்டாங்க, இசோபே சான். இதைப் போட்டுட்டு வாங்க, அப்புறம் பாருங்க."

யார் சொன்னது சரியென்று தெரியாமல் இசோபே மூன்றையும் வாங்கினாள். கடைக்காரன் காதை மூடும் ஒரு கவசமும் சேர்த்துக் கட்டிவிட்டான்.

"அந்தத் தண்ணிப் பையில தண்ணி இருக்கா?" என்று ஹிரானுமா எழுந்தாள்.

"ரொப்பித்தான் வச்சிருக்கேன். ஏன்?"

"பார்க்கிறேன்." பின்னால் போனவள் பேசிக்கொண்டே இருந்தாள். "சாயங்காலம் வேன் எத்தனை மணிக்கு? நாலரைதானே?"

"நாலே கால்னு குராமொச்சி சான் சொன்னாரு. திங்கக்கிழமை காலையில முதல் ஆளு யாரு, அந்தப் பயந்தாங்கொள்ளி வாத்தியாரா?"

"அவரேதான். இசோபே சான், இப்ப நான் என்ன பண்ணேன்?"

"என்ன பண்ணே?"

"ஸ்பூனால உங்க முதுகுல தட்டினேன். நாலு தடவை."

இசோபே சிரித்தாள். பிறகு வெஸ்டைக் கழற்றி மேசையில் திருப்பிப் போட்டாள். பச்சைத் துணியில் குழம்புக் கறை, நான்கு இடத்தில், பழுப்பாக.

"லேசாத் தட்டியிருப்பே."

"மூணாவது தடவை நல்லா ஓங்கித்தான் போட்டேன்."

*

டொக்கிவா தனியாக உட்கார்ந்து துப்பாக்கி மின்கலத்தை மாற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், கண் பார்க்காமலே கை வேலை செய்யும். இசோபே எதிரில் நின்றாள்.

"டொக்கிவா சான், காலையில நீங்க சொன்னது சரியா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"எனக்குத் தெரியல. ஸ்பூனால தட்டினாக்கூடத் தெரியல. இந்த வெஸ்டு ரொம்பத் தடியா இருக்கு, தண்ணிப் பை வேற. காதுல கவசம், சத்தமும் கேட்கல. பட்டிருக்கும். மன்னிச்சுக்குங்க."

அவள் குனிந்து நிமிர்ந்தாள். அவர் உட்கார்ந்தபடியே அரைக்கால்வாசி குனிந்தார்.

"மன்னிப்பு சரி. வெஸ்டு மேல பழி போடறதுதான் சரியில்ல. ஏழு வருஷமா இதையே போடறேன். எனக்கு ஒண்ணு விடாமத் தெரியுது."

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"கவனம் வேணும். பழக்கம் வேணும். பட்டா ஒத்துக்கணும்கிற எண்ணம் வேணும்."

"எண்ணம் இருக்கே எனக்கு."

"இருந்தா நல்லது."

"அப்ப நம்பறீங்களா?"

"மத்தியானம் ஆடுங்க, பார்க்கலாம்."

மன்னித்தாரா இல்லையா என்று புரியாமலே இசோபே திரும்பி வந்தாள். வந்ததும் வெஸ்ட், தண்ணீர்ப் பை, காதுக் கவசம் எல்லாவற்றையும் மேசைக்கடியில் தள்ளினாள். உள்ளே போட்டிருந்தது மருத்துவமனை விளையாட்டு விழாவில் கொடுத்த மெல்லிய சட்டை. முதுகில் சிரிக்கும் கடைவாய்ப்பல் படம்.

"இதோடயா?" என்றார் குராமொச்சி. "குளிராதா?"

"படறது தெரியணும்."

"தெரியும். நல்லாவே தெரியும்."

மத்தியானத்தின் முதல் ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை. "ஹிட்" என்று கத்திக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள் இசோபே. ஆரஞ்சுச் சட்டைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"எங்கே பட்டுது?"

"தோள்ல."

"அந்தப் பக்கம் இன்னும் யாரும் போய்ச் சேரவே இல்லையே."

"தோள்ல ஏதோ பட்டுதே."

அந்தப் பெண் குனிந்து அவள் காலடியிலிருந்து ஒரு கருவாலிக் கொட்டையைப் பொறுக்கிக் காட்டினாள். மரத்திலிருந்து விழுந்தது.

இரண்டாவது ஆட்டத்தில் மூங்கில் கிளை உரசியதற்குக் கை தூக்கினாள். குராமொச்சிக்குப் பொறுமை போயிற்று. "இசோபே சான், இப்படி இலை விழுந்தாக்கூட வெளிய போனீங்கன்னா நம்ம சிவப்புப் பக்கத்துல யாரு மிஞ்சுவா?"

"சந்தேகம்னா ஒத்துக்கணும்னு போர்டுல போட்டிருக்கே."

"சந்தேகம்னா. இலைன்னா இல்ல."

"இலைன்னு அப்புறம்தானே தெரியுது."

"காலையில படாத ஆளு. மத்தியானம் எல்லாம் படற ஆளு. நடுவுல ஒரு இடத்துல நில்லுங்களேன்."

அந்த இடம் எங்கே இருக்கிறது என்றுதான் இசோபேக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் நிஜமாகவே பட்டது. இடுப்புக்கு மேலே, எறும்பு கடித்த மாதிரி இல்லை, குளவி கொட்டிய மாதிரி. "ஹிட்" என்று கத்தியபோது அவள் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டு எதிர்ப்பக்க ஆள் ஒருவன் "மன்னிச்சுக்கங்க, ரொம்ப வலிக்குதா?" என்று ஓடி வந்தான்.

*

கடைசி ஆட்டம் மணியடிக்கும் ஆட்டம். எதிராளி கோட்டைக்குள் புகுந்து, எண்ணெய்ப் பீப்பாய் மேல் இருக்கும் பொத்தானை அழுத்தினால் வெற்றி. டொக்கிவா காலையிலிருந்தே மஞ்சள் பக்கம். மற்ற மூவரும் சிவப்பு. சிவப்புப் பக்கத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய டயர் அடுக்குக்குப் பின்னால் இசோபே மட்டும் குப்புறக் கிடந்தாள்.

டொக்கிவா வந்தார். அவளைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி, பீப்பாயை நோக்கிக் குனிந்து ஓடினார். அதே பச்சை வெஸ்ட், அதே தண்ணீர்ப் பை, தோளில் கடலை வில்லை.

இசோபே துப்பாக்கி விசையை ஒரே ஒரு முறை அழுத்தினாள்.

வெள்ளை ரவை நேராகப் போனது. தண்ணீர்ப் பைக்குச் சற்று மேலே, வெஸ்டின் நட்ட நடுவில் பட்டுத் தெறித்து இலைச் சருகில் விழுந்தது. அவர் திரும்பவில்லை. தோளைக்கூட அசைக்கவில்லை. இன்னொரு முறை சுடத் துப்பாக்கியைத் தூக்கியவள், ஏற்கெனவே பட்டவரை எதற்குச் சுடுவது என்று விரலை எடுத்துவிட்டாள். அவர் "ஹிட்" என்று கத்துவார் என்று காத்திருந்தாள். மணி அடித்தது. மஞ்சள் பக்கம் கை தட்டியது.

"நீங்கதானே அங்க இருந்தீங்க?" வலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் ஹிரானுமா கேட்டாள். "ஏன் சுடல?"

"சுட்டேன்."

"படலையா?"

"பட்டுது. பட்டுதுன்னுதான் நினைக்கிறேன். வெயில் சாய்வா அடிச்சுது."

"அவர் ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கல."

"தெரிஞ்சேவா, தெரியாமலா?"

"அதை எப்படி நான் சொல்றது?"

"போய்ச் சொல்லுங்க, அந்த ஆரஞ்சுச் சட்டைகிட்ட."

"சொன்னா, காலையில அவர் நின்ன இடத்துல போய் நான் நிக்கணும்."

"சொல்லலைன்னா?"

இசோபே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

*

நாலே கால் வேன் வருவதற்குள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மைதானத்துக்கு வெளியே, அறுவடை முடிந்த நிலத்தில் கடலைச் செடிப் போர்கள் வரிசையாக நின்றன. குராமொச்சி பையிலிருந்து வில்லையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஹிரானுமா?"

"எனக்குச் சம்மதம். காலையிலேயே சம்மதம்."

"டொக்கிவா?"

டொக்கிவா தண்ணீர்ப் பையின் குழாயைச் சுருட்டி முடித்தார். பிறகு எழுந்து, வில்லையைத் தானே எடுத்து, இரண்டு கையாலும் இசோபேயிடம் நீட்டினார்.

"காலையில கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். மத்தியானம் பார்த்தேன். கொட்டை விழுந்ததுக்கெல்லாம் கை தூக்கறீங்க. இந்த மாதிரி ஆளு பொய் சொல்ல மாட்டாங்க. ஆரஞ்சுச் சட்டைகிட்டயும் சொல்லி, எழுதினதை அடிக்கச் சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நம்ம படையில ஒரே ஒரு சட்டம்தான், இசோபே சான். பட்டா ஒத்துக்கணும். அவ்வளவுதான்."

"கேட்டுக்கிட்டீங்களா, ஒரே சட்டம்" என்று சிரித்தார் குராமொச்சி. "வாங்கிக்குங்க, வேன் வந்துடும்."

டொக்கிவா குத்தலாகப் பேசுகிறாரா என்று இசோபே அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை. நன்றாக ஆடி, வென்று, களைத்த முகம். நெற்றியில் முகமூடி அழுந்திய தடம். கை நீட்டியபடியே இருந்தது, நூல் வேர்க்கடலை அவளைப் பார்த்தபடி. அவளும் இரண்டு கையையும் நீட்டி வில்லையின் ஓரத்தைப் பிடித்தாள். இழுக்கவில்லை. அவரும் விடவில்லை.

ஹிரானுமா முகமூடியைப் பைக்குள் திணிப்பதை நிறுத்தினாள். வில்லையைப் பிடித்தபடியே இசோபே கேட்டாள்.

"டொக்கிவா சான், மணியடிக்கறதுக்கு முன்னாடி, டயர்ப் பக்கமா ஓடினீங்களே, அப்ப உங்க முதுகுல ஏதாவது பட்ட மாதிரி இருந்துச்சா?"