இருநூற்றுப் பதிமூன்றாவது சைட்டேஷன்

"மேடம், நம்ம செல்லு நம்ம செல்லே இல்லீங்க" என்றாள் பவித்ரா.

ஏற்காட்டில் கருத்தரங்கு நடந்த ஓட்டலின் பின்புறம், சில்வர் ஓக் மரத்தடியில் நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. பவித்ரா என் ஆராய்ச்சி மாணவி. சேலத்தில் எங்கள் லேபிலிருந்து பேசினாள். உறைய வைத்திருந்த பழைய நுரையீரல் செல்களை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பியிருந்தோம். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. புதிதாக அனுப்பிய பேப்பருக்காக ஒரு பத்திரிகை கேட்டது, அவ்வளவுதான். அவை நுரையீரல் செல்களே அல்ல, எல்லா லேபிலும் வளர்க்கிற ஒரு புற்றுநோய்ச் செல் என்று பதில் வந்திருக்கிறது.

"ரெண்டு தடவ பாத்தாங்களா?"

"மூணு தடவைங்க மேடம்."

"யாருகிட்டயும் மூச்சு விடாத கண்ணு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்."

வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வாயில் முதலில் வந்தது அதுதான். மறுநாள் பத்து மணிக்கு எனக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணல். நாற்பத்தெட்டு வயது; இதுதான் கடைசி வாய்ப்பு. நான் எழுதியவை முப்பத்தொரு பேப்பர். மற்ற முப்பதையும் சேர்த்தாலும் எண்பது பேர் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள். இந்த நுரையீரல் செல்களை வைத்து எழுதிய பேப்பர் ஒன்றுக்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு சைட்டேஷன். சம்பாதிக்கிற ஒரே பிள்ளையை நம்பி முப்பது பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு, என் விண்ணப்பம்.

தப்பு எங்கே நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன்பு, மின்வெட்டுக் காலம். கரண்ட் இருக்கிற இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாச் செல்லுக்கும் தீனியான திரவத்தை மாற்ற வேண்டும். அவசரத்தில் நுரையீரல் செல்லுக்கும் புற்றுநோய்ச் செல்லுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றினேன். இதைச் செய்த மாணவர்களை நான் லேபுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஒரு சொட்டில் ஒரே ஒரு புற்றுநோய்ச் செல் தவறி விழுந்தால் போதும். அது வேகமாகப் பெருகி மற்றதை ஒழித்துவிடும். இதே மலையில், கரடியூரில் எங்கள் ராகிக் காட்டில் களை ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே களை கண்ணுக்காவது தெரியும்.

திரும்பினால், தேர்வுக் குழுவில் இருக்கும் கிறிஸ்துதாஸ் சார் டீ கிளாசோடு நின்றார்.

"என்னங்கம்மா இப்பிடி வேர்த்திருக்குது? நாளைக்கு எதுக்குப் பயம்? எரநூத்திப் பன்னண்டு பேரு உங்களுக்குச் சாட்சி சொல்றாங்க."

சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

அவர் உள்ளே போனதும் கீர்த்தனா வந்தாள். செம்மநத்தத்துப் பெண், வேறொரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நாலு வருடத்துக்கு முன்பு அந்தச் செல்களை என்னிடம் கேட்டு வாங்கிப் போனவள். நம்ம மலைப் பிள்ளை என்று பெருமையாகக் கொடுத்தேன். இப்போது அவள் கையில் மைசூர்பா டப்பா.

"மேடம், என்ற பேப்பர் இன்னைக்கு வந்திருச்சுங்க. உங்க பேப்பரச் சொல்லித்தான் ஆரம்பிச்சிருக்கறனுங்க."

ஆக, இருநூற்றுப் பதிமூன்று. அந்த இனிப்பை என்னால் வாங்க முடியவில்லை. "கீர்த்தனா, அந்தச் செல்லு தப்பு சாமி" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் டப்பாவை மூடினாள்.

"தெரியுமுங்க மேடம்."

"எப்பிடி?" என்றேன்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தியே டெஸ்ட் பண்ணிப் பாத்தனுங்க. எங்க கைடுகிட்டக் காட்டுனேன். 'எரநூறு பேருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா? நீ கெடுத்து வெச்சுட்டு மேடம் மேல பழி போடறயா?'ன்னு கேட்டாருங்க. உங்களுக்கு மெயில் எழுதி எழுதி அழிச்சனுங்க. நீங்க நொம்பப் பெரிய ஆளு."

பெரிய ஆள்! இருநூற்றுப் பதிமூன்று பேரில் நம்பி எழுதியவர்கள் எத்தனை, பயந்து எழுதியவர்கள் எத்தனை?

"பத்திரிகைக்கு எழுதிப் பேப்பர வாபஸ் வாங்கப் போறேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க மேடம். அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கோணும். உங்குளது போனா என்றதும் போயிருமுங்க. ஊட்டுல நாலு வருசமாக் காத்துட்டு இருக்கறாங்க. ஒரே ஒரு மாசம் பொறுங்க."

எவ்வளவு நல்ல சாக்கு! ஒரு பிள்ளையின் படிப்புக்காகப் பொறுத்தேன் என்று சொல்லிக்கொண்டே பேராசிரியர் நாற்காலியில் உட்காரலாம். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த மாதம் இன்னொரு கீர்த்தனா மைசூர்பாவோடு வந்து நிற்பாள்.

"உன்ற ரிப்போர்ட் இருக்குதா?"

"போன்லயே வெச்சிருக்கறனுங்க."

"இத மொதல்ல கண்டுபுடிச்சது நீதான்னு எழுதறேன், உனக்குச் சம்மதம்னா. இல்லாட்டி எம் பேர மட்டும் போட்டு அனுப்பறேன். அனுப்பாம இருக்க மாட்டேன் கண்ணு."

அவள் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். நான் கடிதத்தை அடித்தேன். பத்திரிகைக்கு ஒன்று, கிறிஸ்துதாஸ் சாருக்கு அதன் நகல். கண்ணீரில் எழுத்து தெரியாமல் நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முடிக்கும்போது என் போனில் அவளுடைய ரிப்போர்ட் வந்து விழுந்தது, இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியோடு.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்னங்க" என்றாள்.

இணைத்து அனுப்பினேன்.

சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடி வழியே கிறிஸ்துதாஸ் சார் தெரிந்தார். போனை எடுத்தார், படித்தார், எழுந்து வெளியே பார்த்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கீர்த்தனா என் பக்கத்தில் வந்து நின்றாள். "இனி என்னங்க மேடம் பண்றது?"

"தெரியல கண்ணு" என்றேன். இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு மாணவியிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.