மாமனாரின் குரல் இருந்த லேப்டாப்

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிற அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிட்டார்கள். மைக் வைத்துத் தருகிறோம் என்று மண்டிக்காரர்கள் சொன்னபோது, "எதுக்குய்யா, என் சத்தத்துல அது வெடிச்சுடும்" என்று சிரித்தவர். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒரு யோசனை சொன்னாள். "தினமும் வாயில வர்ற வார்த்தை எல்லாத்தையும் வீட்லயே ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுக்கும் திரையில ஒரு படம் வெச்சுட்டா, அப்புறம் அதைத் தொட்டாப் போதும், உங்க குரலே பேசும்."

மகன் தன் தொடுதிரை லேப்டாப்பைக் கொடுத்தான். அப்பாவும் மகனும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தார்கள். தண்ணி கொண்டா, ஃபேனைப் போடு, தலை வலிக்குது. கூடவே, தினமும் வாயில் வருகிற மற்றதையும் பெரியவர் விட்டுவைக்கவில்லை. "நடக்கிறியா, நகர்றியா?" "இது சாப்பாடா, கழுநீரா?" "உங்க வீட்ல இதைத்தான் கத்துக் குடுத்தாங்களா?" எல்லாம் மருமகளுக்குச் சொல்கிறவை. இவற்றுக்கு என்ன படம் வைக்கலாம் என்று மகன் கேட்டபோது, சுவரில் மாட்டியிருந்த கல்யாண போட்டோவில் அவள் முகத்தை விரலால் தட்டிக் காட்டினார். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டு அப்படியே வைத்தும் கொடுத்தான்.

மருமகள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். மாமனார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி ஓர் அமைதியை அவள் கண்டதில்லை. சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து அவர் மடியில் வைத்தார்கள். அத்தோடு அந்த அமைதி போயிற்று. முன்பாவது அவருக்குக் கத்திக் கத்தி மூச்சு வாங்கும். இப்போது ஒரு விரல் போதும். அவள் அறையைக் கடக்கும்போதெல்லாம் திரையில் அவள் முகத்தைத் தொட்டார்.

"அவர் விளையாட்டுக்குப் பண்றார். உடம்பு முடியாத மனுஷன், அதுல ஒரு சந்தோஷம். விடேன்" என்பான் புருஷன்.

விட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, "இது சாப்பாடா, கழுநீரா?" என்று லேப்டாப் அலறியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மருமகள் கையிலிருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் அழவில்லை.

கொஞ்ச நாளில் புருஷன் அப்பாவுக்குப் புது டேப்லட் வாங்கினான். கனமில்லை, படுத்தபடியே பிடித்துக்கொள்ளலாம். "லேப்டாப்பை வித்துடலாம். ஆபீஸ்ல ஒருத்தரோட தம்பி கேக்கிறான், நாளைக்குச் சாயங்காலம் வர்றான். அப்பா குரலை மட்டும் காப்பி எடுத்துக்கோ. அப்புறம் சுத்தமா ஃபார்மட் பண்ணி புதுசா ஓஎஸ் போட்டு வெச்சுடு. நம்ம போட்டோ கணக்கு வழக்கு எதுவும் அதுல இருக்கக் கூடாது" என்றான்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் மாமனாரின் குரல் கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அடையாளத்துக்கு அதன் மேல் சிவப்புத் தாள் ஒட்டினாள். "ஆச்சு" என்றாள்.

மறுநாள் அவள் வேலைக்கு லீவு போட்டாள். அவன் ஆபீஸுக்கும் குழந்தை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்தாள். பெரியவர் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"விக்கப் போறோம் மாமா. கடைசியா ஒரு தடவை அமுக்கிக்கோங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் யோசிக்கவே இல்லை. அவள் முகத்தைத் தொட்டார். "நடக்கிறியா, நகர்றியா?" வெண்கலம் வீடு முழுக்க அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். அவள் சிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

ஓஎஸ் போட ஒரு பென் டிரைவைத் தயார் செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் போய்விடும். வீட்டில் காலியான பென் டிரைவ் இன்னொன்று இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முந்தின நாள் குரல்களை ஏற்றியதையே செருகினாள். அதன் மேல் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைப் பெரியவர் பார்த்தார். மகனும் அவளும் பேசிக்கொண்டபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

"இதுல இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும், பரவாயில்லையான்னு கேக்குது மாமா. சரின்னு சொல்லிடட்டுமா?"

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து இரண்டு கையாலும் மேஜையை அடித்தார். வாய் அகலத் திறந்து மூடியது. சந்தை முழுக்கக் கேட்ட வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"என்ன மாமா? சத்தமாச் சொல்லுங்க. காதுல விழல."

அவள் அழுத்தினாள்.

பிறகு லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவிலிருந்து தொடங்கவிட்டு, ஹார்ட் டிஸ்கின் பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். காலி இடம் என்று காட்டியது. புது ஓஎஸ் இறங்கத் தொடங்கியது. திரையில் கோடு பாதி தாண்டியபோதுதான் அவளுக்குக் குழந்தையின் ஞாபகம் வந்தது. தினமும் காலையில் பெரியவர் ஒரு படத்தைத் தொடுவார். "குட்டிப்பிசாசு ஏலம்! ஒரு தரம்! ரெண்டு தரம்!" மூன்றாம் தரத்துக்குள் குழந்தை போர்வையை உதறிவிட்டுக் கட்டிலிலிருந்து குதிக்கும். அவள் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போயிற்று. ஆனால் அதற்குள் எல்லாம் போயிருந்தது.

லேப்டாப் தானாக அணைந்து மறுபடி ஓடத் தொடங்கியது. வரவேற்புத் திரை வந்தது. ஒரு பெண் குரல், மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்று இனிமையாகச் சொன்னது. பெரியவர் திடுக்கிட்டார். அவள் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தாள்.

சாயங்காலம் வந்த பையன் ஒரு பாட்டை ஓடவிட்டுப் பார்த்து, "ஸ்பீக்கர் சூப்பரா இருக்குக்கா" என்று வாங்கிக்கொண்டு போனான்.

புருஷன் வந்து டேப்லட்டைத் தயார் செய்துவிட்டு பென் டிரைவைக் கேட்டான். செருகினான். அதில் ஓஎஸ்தான் இருந்தது.

"குரல் எங்க?"

"ஐயோ, மாறிப்போச்சு போலருக்குங்க. அவசரத்துல சிவப்புத் தாளைக் கவனிக்கல."

"அறிவிருக்கா? அப்பாவோட குரல்டி அது!" என்று கத்தியவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினான். பையனைப் பிடித்து லேப்டாப்பை வாங்கி, ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "துடைச்சு மேல புதுசா எழுதியாச்சு சார். ஒண்ணும் தேறாது."

முகம் செத்துத் திரும்பி வந்தவன் நேராக அவள் முன் நின்றான். "உண்மையைச் சொல்லு. வேணும்னேதானே பண்ணினே? அப்படி மட்டும் இருந்தா நீ இந்த வீட்ல இருக்க வேண்டாம்."

பெரியவர் கையைத் தூக்கினார். டேப்லட்டில் ஒற்றை விரலால் நீண்ட நேரம் தட்டினார். அது, டேப்லட்டோடு வந்த பெண் குரலில் வாசித்தது: "மருமகள் மேல் தப்பில்லை. வேண்டாம் என்று நான்தான் அழிக்கச் சொன்னேன்."

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று மகன் அப்பாவிடம் பாய்ந்தான். வாழ்நாளில் முதல் முறையாக அவரை வாய்க்கு வந்தபடி திட்டினான். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

தன் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார் என்று அவள் அன்று நினைத்தாள். நினைத்துக் கொஞ்சம் வெட்கப்படவும் செய்தாள்.

காலையில் பெரியவர் டேப்லட்டோடு குழந்தையின் கட்டிலருகே போனார். "குட்டிப்பிசாசு ஏலம். ஒரு தரம். இரண்டு தரம்" என்று அது, ரயில் வரும் நேரத்தை அறிவிப்பதுபோல ஒரே சீராகச் சொன்னது. குழந்தை போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டது.

"அம்மா, அந்த ஆன்ட்டியை நிறுத்தச் சொல்லும்மா."

அவர் இன்னொரு முறை ஓடவிட்டார். குழந்தை அழ ஆரம்பித்தது. டேப்லட்டைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவர் தன் அறைக்குப் போனார்.

சிறிது நேரம் கழித்து மருமகள் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான். அதிலிருக்கும் குழாயைத் தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். மகனுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். அந்த வீட்டில் அவளை விட்டால் ஆளில்லை.

வழக்கமாக அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காக்கவைப்பார். இன்று அவள் வருவதற்கு முன்பே சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்தை நீட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். கைகள் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தன. அவள் முகத்தையே பார்த்தார். முந்தின நாள் அவர் அப்படிச் சொன்னது அவளுக்காக அல்ல, தனக்காகத்தான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குள் இருந்த வெட்கம் போய்விட்டது.

குழாயைக் கழற்றினாள். துளையைச் சுற்றித் துணியால் அழுத்தித் துடைத்தாள். அவர் கண்ணில் நீர் கோத்தது.

"வலிக்குதா மாமா?"

இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார்.

"வலிச்சாச் சொல்லுங்க" என்றாள். துணியை மறுபடி வெந்நீரில் நனைத்து, அவசரப்படாமல் பிழிந்தாள்.