டீச்சரின் கடைசிச் சந்தேகம்

கடகடகடகட...

தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் ஆரம்பித்த சத்தம் சரக்கு ரயில் மாதிரி நெருங்கி வந்தது. சின்ன சார் கையிலிருந்த தேநீர் தளும்பிச் சட்டையில் சிந்தியது. பக்கத்து அறைகளில் பேச்சு நின்றது. எதிர் அறையிலிருந்து யாரோ, "வண்டி வந்துடுச்சு சார், தண்டவாளத்தை விட்டுத் தள்ளி நில்லுங்க!" என்று குரல் கொடுத்தார்கள்.

வந்தது ரயில் இல்லை. ஒரு சக்கரம் தேய்ந்துபோன பயணப்பெட்டி. அதை இழுத்துக்கொண்டு வந்தவர் டீச்சர். பெட்டிக்குள் இருப்பது துணிமணி இல்லை, அவருடைய ஆய்வேடு. அதன் பழைய படிகள், திருத்திய படிகள், திருத்தியதைத் திருத்திய படிகள் எல்லாம் அதற்குள்தான் குடித்தனம் நடத்தின.

சின்ன சார் அவருடைய ஆய்வு வழிகாட்டி. துறைத் தலைவரை எல்லோரும் பெரிய சார் என்று கூப்பிட்டதால், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இவர் தானாகவே சின்ன சார் ஆகிவிட்டார். வேலை கிடைத்த கையோடு முதல் ஆய்வு மாணவரைக் கொடுத்தார்கள். ஆசையாகக் காத்திருந்தவர் முன்னால், தலை பாதி நரைத்த ஓர் அம்மாள் வந்து நின்றார். யாரோ மாணவனின் தாயார் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துச் சின்ன சார் எழுந்து நின்றுவிட்டார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்த மாணவியே அவர்தான் என்று தெரிந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டீச்சர் உள்ளே வந்தால் கால்கள் தாமாக நிமிர்ந்துவிடும்.

இன்றும் எழுந்தார்.

"உட்காருங்க சார். நீங்க நின்னா நான் உட்கார மாட்டேன், நான் உட்காரலேன்னா நீங்க உட்கார மாட்டீங்க. போன செவ்வாய்க்கிழமையும் இப்படியே நின்னுக்கிட்டுப் பேசினதுல எனக்கு முட்டி வலி."

"எல்லாம் கொண்டு வந்துட்டீங்களா டீச்சர்? கையெழுத்துப் போட்டு, சாயங்காலத்துக்குள்ள ஆபீஸ்ல சேர்த்துடலாம்."

"கொண்டு வந்துட்டேன் சார்." டீச்சர் பெட்டியைத் திறந்தார். "ஒரே ஒரு சந்தேகம்தான்."

கையெழுத்துக்காகத் திறந்த பேனாவைச் சின்ன சார் மறுபடி மூடினார்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. டீச்சருக்குக் கொடுத்த கூடுதல் அவகாசம் இன்று மாலையோடு முடிகிறது. இன்று கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்ட பாடெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போட்டு, வரிசையில் நிற்க வேண்டியதுதான். முதல் மாணவரையே கரை சேர்க்காத வழிகாட்டியை நம்பி இரண்டாவது மாணவரை யார் கொடுப்பார்கள்?

போன மாதமே ஆய்வேடு தயார். ஆனால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் டீச்சர் ஒரு சந்தேகத்தோடு வந்தார். ஒரு வாரம் தலைப்பு சரியில்லையோ என்றார். அடுத்த வாரம் முன்னுரை கொஞ்சம் ஆணவமாக இருக்கிறதோ என்றார். அதற்கடுத்த வாரம், முழுப் புத்தகத்தையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் என்ன என்றார். படித்தும் பார்த்தார்கள்.

"என்ன சந்தேகம்?"

"எங்க வீட்டுக்குப் பின்தெருவுல புதுசா ஒரு அடுக்குமாடி. நேத்து அதோட மொட்டை மாடிக்குப் போயிருந்தேன்."

"ஏன் டீச்சர் போனீங்க?" சின்ன சார் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "ஆராய்ச்சிதான் முடிஞ்சு போச்சே!"

டீச்சரின் ஆராய்ச்சியே மொட்டை மாடிகளைப் பற்றியதுதான். அடுக்குமாடிகளில் துணி காயப்போடும் கொடிகள் பொதுவானவை. யாருக்கு எந்த இடம் என்று எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் அடிதடி இல்லாமல் நடக்கிறது. எப்படி? அதைத்தான் மாடி மாடியாக ஏறி இறங்கிப் பார்த்தார் டீச்சர். கொடியில் ஒரு கிளிப்பை மட்டும் மாட்டிவிட்டுப் போனால், அந்த இடம் ஒருவருக்கு ஆயிற்று என்று அர்த்தம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு, கேட்காமலேயே வெயில் விழும் பக்கம் கிடைக்கும். ஒருவர் இடத்தில் மற்றவர் துணியைப் போட்டால் யாரும் திட்டமாட்டார்கள். அந்தத் துணியை எடுத்து, இஸ்திரி போட்டது மாதிரி அழகாக மடித்து, அவர் வீட்டு வாசலில் வைத்துவிடுவார்கள். அந்த மடிப்பைப் பார்த்தவர் அடுத்த தடவை அந்தப் பக்கமே போகமாட்டார். மடித்து வைப்பதுதான் தண்டனை! இதைப் படித்த அன்று சின்ன சார் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அந்த மாடியில கிளிப்பும் இல்ல, மடிப்பும் இல்ல சார்," என்றார் டீச்சர். "சங்கத்துல கூட்டம் போட்டு, ஒவ்வொரு கொடியிலயும் வீட்டு நம்பரைப் பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க. ஆனா தினமும் சண்டை! என் நம்பர் மேல உன் போர்வை நுனி படுதுன்னு ரெண்டு பேர் மல்லுக்கு நிக்கறதை நானே பார்த்தேன். அப்போ எல்லா மாடியிலயும் சண்டையில்லாம நடக்குதுன்னு நான் மூணாவது அத்தியாயத்துல எழுதினது எல்லாம் தப்பாயிடாதா?"

அந்த மாடியில் டீச்சர் எழுதி வந்த குறிப்புகளைச் சின்ன சார் வாங்கிப் படித்தார். முகம் வெளுத்தது. மூன்றாவது அத்தியாயம் ஆடினால் நாலும் ஆடும், முடிவுரை குப்புற விழும்.

கதவு திறந்து பெரிய சாரின் தலை மட்டும் உள்ளே வந்தது.

"என்ன தம்பி, முடிஞ்சுதா?"

"இதோ சார். ஒரு சின்ன..."

"இந்த வேகத்துல போனா அந்தக் கொடியில துணிக்குப் பதிலா உங்க ரெண்டு பேரையும்தான் காயப்போடணும். ஆபீஸ்ல ஆள் கிளம்பறதுக்கு முன்னாடி கொடுத்துடுங்க. நான் ஒண்ணும் சொல்லல." எல்லாம் சொல்லிவிட்டுத் தலை மறைந்தது.

அப்போது டீச்சரின் கைப்பேசி அலறியது. வீட்டுக்காரர். அந்த முனையில் அவர் கத்திய கத்தலில் சின்ன சாருக்கும் எல்லாம் கேட்டது.

"ஏம்மா, வாஷிங் மெஷின் பீப் பீப்னு கத்துது. எதை அமுக்கணும்?"

"நான் வேலையில இருக்கேங்க."

"அது தெரியும். எந்தப் பட்டன்?"

"மெஷின்தானே? கத்தி ஓஞ்சதும் தானா நின்னுடும். நீங்களும் அப்படியே இருங்க. சாருகூட முக்கியமாப் பேசிக்கிட்டிருக்கேன். வைக்கறேன்."

கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டார். அந்த 'வேலையில இருக்கேங்க'வைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு களை வந்து போனது. சின்ன சார் அதைக் கவனிக்கத்தான் செய்தார். ஆனால் அவருக்கு இப்போது இருந்த தலைவலியில் களையைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

"சரி டீச்சர். பதறாம யோசிப்போம்." சொன்னது டீச்சருக்கு, பதறியது அவர்தான். "எழுதாத விதி இருக்கற மாடியில சண்டை இல்லை. விதியை எழுதி வச்ச மாடியில சண்டை. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார்."

தான் சொன்னதே சின்ன சாருக்கு மண்டைக்குள் எங்கேயோ இடித்தது. இதே மாதிரி ஒரு வாக்கியத்தை எங்கோ படித்திருக்கிறோமே! சின்ன சார் கட்டி வைத்த ஆய்வேட்டை எடுத்து மளமளவென்று புரட்டினார். நாலாவது அத்தியாயத்தில் இல்லை. ஐந்தாவது அத்தியாயத்தின் ஆரம்பத்திலும் இல்லை. கடைசிக்கு வந்தபோது விரல் நின்றது.

"டீச்சர், இதைப் படிங்க."

"கண்ணாடி..."

"தலையில இருக்கு."

டீச்சர் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "'விட்டுக்கொடுத்தல் இருந்த இடத்தில் அளவுகோல் வந்துவிட்டால், ஒவ்வொருவரும் தம் பங்கை அளக்கத் தொடங்குகிறார்கள். விதியை எழுதுகிற மாடியில் சண்டை கூடும் என்று எதிர்பார்க்கலாம்.'" நிமிர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. யாரு சார் எழுதினது?"

"நீங்கதான்!"

"ஓ."

"புதுசா எதுவும் கெட்டுப்போகல டீச்சர். நீங்க இப்படித்தான் நடக்கும்னு முன்னாடியே சொன்னீங்க. பின்தெருவுல அப்படியே நடந்திருக்கு. அந்த மாடி உங்களுக்கு எதிரி இல்ல, சாட்சி. ஒரு அடிக்குறிப்புல சேர்த்தாப் போதும்." சின்ன சார் குரலில் இப்போது ஒரு மிடுக்கு வந்திருந்தது. வழிகாட்டி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. "நான் சொல்றேன், எழுதிக்குங்க."

டீச்சர் எழுதினார். ஒரு வரியில் சேரவேண்டிய சாட்சியை அழகாக இரண்டு வரியில் சேர்த்தார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து, கட்டைப் பிரித்துப் பழைய பக்கத்தின் இடத்தில் சொருகினார்கள். எல்லாம் கச்சிதம். ஆனால் சின்ன சாருக்கு ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. எந்த வீட்டு மாடியில் எந்தப் பக்கம் நிழல் விழும் என்றுகூடச் சட்டென்று சொல்லுகிற ஆள், தான் எழுதியதையே எப்படி மறப்பார்?

அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

"டீச்சர், வாய்மொழித் தேர்வை நினைச்சுப் பயப்படறீங்களா? வெளியூர்ப் பேராசிரியர்கள் வந்து குடைவாங்கன்னு? ஒண்ணும் ஆகாது. நானும் பக்கத்துலயே இருப்பேன்."

"பயமா? எனக்கா?" டீச்சர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைகளில் மறுபடி பேச்சு நின்றது. "மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினவ சார் நான். பேராசிரியர்கள் என்ன, பெஞ்சு மேல ஏறி நிக்கப் போறாங்களா?"

"அப்புறம் ஏன் இத்தனை சந்தேகம்?"

டீச்சர் பெட்டிப் பக்கம் குனிந்தார். பெட்டியின் ஜிப்பை மூடினார். ஏதோ சரியாக மூடவில்லை என்பதுபோல் திறந்து, மறுபடி மூடினார்.

"நீங்க கையெழுத்துப் போடுங்க சார்," என்றார்.

சின்ன சார் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக 'வழிகாட்டி' என்ற இடத்துக்கு நேராக. ஆட்டோகிராப் போடுகிற நடிகர் மாதிரி ஒரு சுழிப்பும் கொடுத்தார். டீச்சர் வாங்கித் தன் இடத்தில் நிறுத்தி நிதானமாக ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.

மாடிப்படியில் பெட்டியைச் சின்ன சாரே தூக்கிக்கொண்டு இறங்கினார். அலுவலகத்தில் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்ட குமாஸ்தா, இவர்களைப் பார்த்துப் பெருமூச்சுடன் அதைக் கழற்றினார்.

"வாங்க வாங்க. உங்களுக்காக ஒரு பஸ்ஸை விட்டாச்சு. இன்னொண்ணையும் விடலாமா?"

பக்கங்களைச் சரிபார்த்தார். டப்பென்று முத்திரை குத்தினார். ஆய்வேடு உள்ளே போனது, ரசீது வெளியே வந்தது.

"அவ்வளவுதாம்மா, முடிஞ்சது. இனிமே நீங்க இந்தப் பக்கம் வரவே வேண்டாம். தேர்வு தேதியை வீட்டுக்கே சொல்லி அனுப்புவாங்க."

சின்ன சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. முதல் மாணவர் கரையேறியாயிற்று! பெரிய சாரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போன் போட வேண்டும். தேநீர் பட்ட சட்டையை மாற்றக்கூட வேண்டாம், அப்படியே எங்காவது போய் வயிறாரச் சாப்பிட வேண்டும். "வாழ்த்துகள் டீச்சர்!" என்று இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

டீச்சரும் சந்தோஷமாகத்தான் சிரித்தார். ரசீதை மடித்துப் பைக்குள் வைத்தார். பெட்டியின் கைப்பிடியை இழுத்தார். ஆனால் நகரவில்லை. வாசலைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவுக்குக் கேட்காத குரலில், முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை மாதிரி கேட்டார்:

"சார், தப்பா எடுத்துக்காதீங்க... இதுக்கு மேல படிக்கறதுக்கு வேற ஏதாவது பட்டம் இருக்கா?"