சம்பந்திகள் கடலுக்குப் போன கதை

கடல் மீட்பு நிலையத்தில் வயர்லெஸ் பார்க்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஆகாது. மற்றபடி அவள் லேசில் அசருகிறவள் இல்லை, பெரிய கப்பல்காரர்களையே அதட்டிப் பேசுவாள். ஆனால் ஞாயிறு மதியம் வயர்லெஸ் கரகரத்து, "அம்மாடி, நீதானா? பயப்படாதே. சும்மா சொல்லி வைக்கலாம்னுதான் கூப்பிட்டேன். படகுக்குள்ள கொஞ்சம் தண்ணி வருது" என்று ஒரு குரல் கேட்டால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவாள். அது அவளைப் பெற்ற அப்பா. பின்னாலிருந்து, "கொஞ்சம் இல்ல சம்பந்தி, முழங்கால் வரைக்கும்னு சரியாச் சொல்லுங்க" என்று திருத்துகிறவர் அவளுடைய மாமனார்.

அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமனார் மருந்துக்கடையைப் பெரிய மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தவர். கடலைப் பற்றி இருவருக்கும் தெரிந்ததெல்லாம் அது உப்புக் கரிக்கும் என்பது மட்டும்தான்.

இந்த இரண்டு பேரும் ஒரு காலத்தில் எலியும் பூனையுமாக இருந்தவர்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்தில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் முன்னால் வந்து நின்றுகொள்ள, பெண்ணைப் பெற்றவரின் காது மட்டும் படத்தில் விழுந்தது. "காதைக் காட்டவா பொண்ணு பெத்தேன்?" என்றார் அப்பா. "முன்னால வந்து நிக்க வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார் மாமனார். அன்றோடு பேச்சு அறுந்தது. அப்பா வீட்டுக்கு வந்தால் மாமனார் உள்ளறைக்குப் போய்விடுவார். மாமனாருக்குக் காய்ச்சல் என்றால் அப்பா, "யாருக்கோ உடம்பு சரியில்லையாமே" என்று சுவரைப் பார்த்து விசாரிப்பார். நடுவில் கிடந்து இடிபட்டது இவள்தான்.

அப்போதுதான் துறைமுகத்தில் பழைய பாய்மரப் படகு ஒன்று ஏலத்துக்கு வந்தது. வேடிக்கை பார்க்க வந்த அப்பா சும்மா ஒரு விலை கேட்டார். அந்தப் பக்கம் நின்ற மாமனாருக்குப் பொறுக்குமா? ஏற்றிக் கேட்டார். இவர் கேட்க, அவர் கேட்க, வீம்பு ஏறிக்கொண்டே போனது. ஏலம் போட்டவர் சலித்துப்போய், "ரெண்டு பேரும் சேர்ந்தே எடுத்துட்டுப் போங்களேன். நான் வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்றார். தனியாக வாங்க இருவருக்கும் வசதி இல்லை, விட்டுக்கொடுக்க மனசும் இல்லை. படகு பொதுச் சொத்தாகிவிட்டது.

ஒரே படகில் ஏறிக்கொண்டு பேசாமல் இருக்க முடியுமா? "கயித்தை இழுங்க" என்றாவது வாயைத் திறந்துதானே ஆக வேண்டும். கயிற்றில் தொடங்கிய பேச்சு காற்றுக்குப் போய், பிள்ளைகளைக் குறை சொல்வதில் சூடுபிடித்து, கரை திரும்புவதற்குள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பில் நங்கூரத்தைத் தூக்கிக் கடலில் போட்டவர்கள், அதன் கயிற்றைப் படகில் கட்டவில்லை. நங்கூரம் போயே போய்விட்டது, படகு காற்றோடு நடுக்கடலுக்கு நகர்ந்தது. முதல் தடவை மீட்புப் படகு போனது அதற்குத்தான்.

அப்புறம் ஒன்றா இரண்டா! மணல்திட்டில் ஏற்றிவிட்டு, தண்ணீர் ஏறட்டும் என்று கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைப் பிரித்தார்கள். அடிப்பக்கத் துளையின் மூடியை வீட்டில் கழுவி வைத்துவிட்டு, அது இல்லாமலேயே கிளம்பினார்கள். எதிரே பாறை வந்தபோது அப்பா பழக்கதோஷத்தில் காலால் பிரேக்கைத் தேடினார். ஒவ்வொரு தடவையும் மீட்புக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வருவார்கள், இருவரும் ஊர்வலம் வருகிறவர்கள்போல் கரையைப் பார்த்துக் கையசைப்பார்கள். அவளுக்கு மானம் போகும். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சமையலறை மேசையில் இரண்டு பேரும் ஈரத்தலையோடு உட்கார்ந்து டீ குடித்தபடி சிரிப்பார்கள் பாருங்கள், அதற்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் மானம் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றும்.

துறைமுக அதிகாரிக்கு அப்படித் தோன்றவில்லை. "இன்னொரு தடவை இவங்களைக் காப்பாத்தப் போனோம்னா, படகைச் சங்கிலி போட்டுப் பூட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கே வீட்டில் பழைய காற்று அடித்தது. "உங்க மாமனார் பாயைச் சரியாப் பிடிச்சிருந்தா இந்த வம்பே இல்ல" என்றார் அப்பா. "உங்கப்பா அதைப் பஸ்ஸுன்னு நினைச்சாரே, அதைக் கேளு" என்றார் மாமனார். சம்பந்தி என்ற சொல் போய், 'உங்கப்பா'வும் 'உங்க மாமனாரு'ம் திரும்பி வந்துவிட்டார்கள். படகு போனால் இவர்களும் போனார்கள்.

மறுநாள் நிலையத்தில் மீட்புப் பையன்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். "பயிற்சின்னு மணல் மூட்டையையே எத்தனை நாளைக்குக் காப்பாத்தறது? ஒரு 'ஐயோ'கூடச் சொல்ல மாட்டேங்குது." அவள் நேரே அதிகாரியிடம் போனாள்.

"சார், ஞாயித்துக்கிழமை பயிற்சிக்கு எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரை வெச்சுக்கலாமே. எப்படியும் மாட்டிக்கத்தான் போறாங்க. நாம சொல்ற இடத்துல மாட்டிக்கட்டும்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டார். ஆனால் நிபந்தனை போட்டார். சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில் ஒருவர் விழ வேண்டும், மற்றவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டும். அதைத் தாண்டி நிஜமாக ஏதாவது ஆனால் படகுக்குப் பூட்டுதான்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இருவரும் மிதவைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்! அதுவே அதிசயம். ஆனால் யார் விழுவது என்பதில் மரியாதை குறுக்கே வந்தது, வயர்லெஸ்ஸில் எல்லாம் கேட்டது.

"நீங்க விழுங்க சம்பந்தி. பெரியவரு."

"சேச்சே, பொண்ணு வீட்டுக்காரர் நீங்க. உங்களை விட்டுட்டு நான் எப்படி?"

"யாராவது விழுங்கப்பா!" என்று அவள் கத்தினாள். நீச்சல் தெரிந்தவர் என்பதால் மாமனார் விழுவது என்று முடிவானது. தொப்பென்று சத்தம் கேட்டது. அப்பா, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று பாடம் ஒப்பிக்கிற பிள்ளைபோல் சொன்னார். அதிகாரிகூடச் சிரித்துவிட்டார்.

சட்டென்று அப்பாவின் குரல் மாறியது. "சம்பந்தி? எங்க இருக்கீங்க? சம்பந்தியக் காணோம்! ஐயோ, சம்பந்தி!"

மறுபடியும் தொப்பென்று ஒரு சத்தம். அதன்பின் வயர்லெஸ்ஸில் ஒன்றும் இல்லை.

"இது நம்ம ஏற்பாட்டுல உண்டா?" என்றார் அதிகாரி.

'ஆமாம்' என்று சொல்லிவிடலாம், படகு தப்பிக்கும். ஆனால் அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இல்ல சார். எங்கப்பாவுக்கு நடிக்க வராது. நீச்சலும் தெரியாது. சீக்கிரம் போகச் சொல்லணும்!" ஒலிவாங்கியைப் பிடித்து மீட்புப் படகை விரட்டிவிட்டு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் படகுத்துறைக்கு ஓடினாள்.

மீட்புப் படகு திரும்பியபோது இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், தலை நிமிர்ந்திருந்தது. அப்பாடா! நடந்தது இதுதான்: விழுந்த மாமனாரை அலை படகுக்கு அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்த அப்பா ஆளைக் காணாமல் குதித்திருக்கிறார். விழுகிறவர் தான் இல்லையே, புழுக்கமாக இருக்கிறதே என்று மிதவைச் சட்டையை வேறு கழற்றி வைத்திருந்தார். மாமனார்தான் நீந்தி வந்து அவர் காலரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் நின்றார். "பெரியவரே, நீச்சல் தெரியாதவர் எதுக்குக் குதிச்சீங்க?"

அப்பா திருதிருவென்று விழித்தார். "தெரியாதுங்கறது அப்ப ஞாபகத்துக்கு வரலைங்க."

அதிகாரி பூட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், "நீச்சல் கத்துக்கிட்டு வாங்க. அப்புறம் பயிற்சியை வெச்சுக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

மாமனார் தன் மேல் போர்த்தியிருந்த துண்டை எடுத்து அப்பாவின் தலையில் போட்டு, சின்னப் பிள்ளைக்குத் துவட்டுகிறமாதிரி அழுத்தித் துவட்ட ஆரம்பித்தார். "அறிவிருக்கா உங்களுக்கு? பொண்ணு கேட்டா நான் என்னய்யா பதில் சொல்லுவேன்?" என்று திட்டிக்கொண்டே துவட்டினார். அப்பா துண்டுக்குள்ளிருந்து, "மெதுவா, சம்பந்தி, மெதுவா" என்றார். பெண் பக்கத்திலேயே நின்று, சிரிப்பும் அழுகையுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.