இடது றெக்கை

ஐஸ் பெட்டி உள்ளே வர வேண்டுமானால் றெக்கை வெளியே போயாக வேண்டும். பெட்டியை வேனில் கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் பிளேன் நிற்கிறதே என்றான். துக்க வீட்டில் என்ன பேச்சு என்று யாரோ அவனை அதட்டினார்கள். அதட்டியவரின் உதட்டோரத்திலேயே சிரிப்பு இருந்ததைத் தமிழ்மதி பார்த்தாள். சிரிக்கட்டும். அப்பா உயிரோடு இருந்தபோது சிரிக்காத ஊரா இது.

அப்பா சோலைமுத்து வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல்மில்லில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். காலையில் பல் விளக்கப் போனவர் தண்ணித் தொட்டியடியிலேயே சரிந்துவிட்டார். அம்மா பொன்னழகு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாடிக்கொம்பிலிருந்து மதி வந்து சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள், றெக்கைக்கு அடியிலேயே. வேறு இடம் ஏது அந்த வீட்டில்.

கிளைடரின் றெக்கை அது. இன்ஜின் கிடையாது, காட்டுச் சூட்டில் மேலே ஏறும் காற்றைப் பிடித்துக்கொண்டு பருந்து மாதிரி சுற்ற வேண்டிய விமானம். இடது றெக்கை மட்டும் ஏழு மீட்டர். கூடத்தில் தொடங்கி, சுவரில் போட்ட ஓட்டை வழியாகப் போய் உள்ரூமில் முடியும். ஃபேன் மாட்டுகிற கொக்கியில் அதைக் கட்டியிருந்ததால் கூடத்தில் ஃபேன் இல்லை. அடுப்படிக்குப் போகிற வழியில் அது கழுத்து உயரத்துக்குக் குறுக்கே நின்றது. அம்மா சோத்துப்பானையோடு குனிவாள், சுடுதண்ணியோடு குனிவாள், இடுப்பு பிடித்துக்கொண்ட நாளிலும் முனகிக்கொண்டே குனிவாள். அப்படி இருபத்தோரு வருஷம்.

பிளேனின் உடம்பும் வலது றெக்கையும் பின்னால் தகரக் கொட்டகையில் கிடந்தன. பூட்டினால் பறக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ஒரு நாள்கூடப் பறந்ததில்லை. கேட்டால் காற்று சரியில்லை என்பார். ஓட்டிக் கிளப்ப வேண்டிய குளத்தில் தண்ணி கிடக்கிறது என்பார். தண்ணி வற்றினால் மண் பொதபொதவென்று இருக்கிறது என்பார். பறக்காத பிளேன்காரர் என்றே பேராகிவிட்டது.

உலகத்தில் கிளைடர் கட்டுகிறவர்கள் யார் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். முதல் உலகப்போருக்குப் பிறகு இன்ஜின் வைத்த விமானத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது மரக் கிளைடர்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோன ஜெர்மன்காரர்களைத் தெரியும். மாட்டுக்கொட்டகையில் வைத்துக் கட்டிய ஹங்கேரிக்காரரைத் தெரியும். வரைபடம் அனுப்பிக்கொடுத்த போலந்து யானுஷை, அவர் பெண்டாட்டிக்கு மூட்டுவலி என்பது வரைக்கும் தெரியும். பெற்ற மகள் ப்ளஸ் டூவில் என்ன குரூப் படிக்கிறாள் என்பது மட்டும் தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்து வந்து இறங்கிய அண்ணன் பழனிக்குமார்தான் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு றெக்கையை அவிழ்த்தான். முன்ஜன்னல் வழியாக எடுக்க வேண்டும். ஒரு நாள் தேவைப்படும் என்று அப்பா அந்த ஜன்னலை நட்டு போல்ட் வைத்துக் கழற்றுகிற மாதிரிப் போட்டிருந்தார். துருப்பிடித்திருக்கும், வெட்டத்தான் வேண்டும் என்றார்கள். ஸ்பேனரை வைத்ததும் ஒரே திருகில் வந்துவிட்டது. அப்பா வருஷம் தவறாமல் எண்ணெய் போட்டிருந்தார் போல.

றெக்கையைக் காம்பவுண்டுச் சுவரோரம் சாத்தி வைத்தார்கள். வெயிலில் அதைப் பார்த்த அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவை அதிகம் கேலி செய்தவனே அவன்தான். பந்தலுக்குக் கீழே பத்துப் பேர் கேட்கச் சொன்னான்.

"பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு இத நான் பறக்க விடுறேன். குளம் காஞ்சுதான் கெடக்கு. ஜீப்புல கட்டி இழுத்தாப் போதும். நானே ஒக்காருறேன்."

காலேஜில் என்.சி.சி.யில் கிளைடர் பழகியவன் அவன். சொன்னால் செய்வான். எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பாவின் ஆத்மா சாந்தியடையும் என்று ஒருவர் சொன்னார். மதி மட்டும் தலையாட்டவில்லை.

அந்த றெக்கையில் ஒரு ஒட்டு கெட்ட ஒட்டு. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பசை கலக்கும்போதெல்லாம் அப்பாவுக்கு ஒரு வழக்கம். ரெசினையும் ஹார்டனரையும் நிறுத்துக் கலக்கியதும், அதே பசையில் அதே பலகையின் இரண்டு சில்லுகளை ஒட்டி வைப்பார். மறுநாள் அதை வைஸில் இறுக்கிச் சுத்தியலால் ஒரு போடு. மரம் நாரோடு பிய்ந்தால் நல்ல ஒட்டு. ஒட்டின இடத்திலேயே வழுவழுவென்று பிரிந்தால் அன்றைக்கு ஒட்டியது அத்தனையும் குப்பை. உடைந்த துண்டில் தேதி எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். நிறுப்பதும் உடைப்பதும் மதியின் வேலை.

ப்ளஸ் டூ பரீட்சைக்கு முந்தின மாதம் மடியில் கெமிஸ்ட்ரி புத்தகத்தை வைத்துக்கொண்டு ஹார்டனரைக் குறைத்து நிறுத்துவிட்டாள். மறுநாள் துண்டு வாழைமட்டை உரிகிற மாதிரி சத்தமில்லாமல் பிரிந்து வந்தது. அன்றைக்கு ஒட்டியிருந்தது றெக்கையின் பாரம் மொத்தத்தையும் தாங்குகிற நடுச்சட்டம். சொன்னால் ஏழு மாத வேலையைப் பிரிக்க வேண்டும். றெக்கை முடியட்டும், அப்புறம் உன் காலேஜைப் பார்ப்போம் என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் துண்டை அடுப்பில் போட்டாள். டப்பாவிலிருந்து பழைய துண்டு ஒன்றை எடுத்துத் தேதியை மாற்றி எழுதினாள். அப்பா அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டப்பாவில் போட்டார்.

றெக்கை முடிந்தது. அப்புறம் வலது றெக்கை இருந்தது. அது முடிவதற்குள் தாடிக்கொம்பு மாப்பிள்ளை வந்துவிட்டார், காலேஜ் போயே போய்விட்டது. அப்பா கிளைடரில் ஏறாமல் கழிந்த ஒவ்வொரு வருஷமும் மதிக்கு நிம்மதியாக இருந்தது. ஏன் ஏறவில்லை என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்கப் பயந்தாள் என்பதுதான் சரி.

இப்போது சொல்லாவிட்டால் அண்ணன் செத்துப்போவான். சொன்னால் இந்தப் பந்தலிலேயே அவள் மானம் போகும்.

அப்பாவுக்கு இருந்த ஒரே கூட்டாளி திண்டுக்கல் மரக்கடை அப்துல் ஜப்பார். கிளைடருக்குப் பலகை பலகையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தவர். பந்தலில் அவரும் இருந்தார். ஏறுகிறதென்றால் ஒட்டுகளையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும், அந்த டப்பாவை எடுத்து வா தாயி என்று அவர் மதியைத்தான் அனுப்பினார்.

அலமாரியின் மேல்தட்டில் அதே டப்பா இருந்தது. கொண்டுவந்து கொடுத்தாள். ஜப்பார் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டுகளை மடியில் கொட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒன்றில் கை நின்றது.

"இது வேற பலகையாச்சே. நாரோட ஓட்டத்தப் பாரு. நடுச்சட்டத்துக்கு நான் குடுத்த மரம் இது இல்லையே."

மரத்தோடு புழங்குகிறவன் எவனுக்கும் ஒரு பார்வையில் தெரியும் என்றார். அப்பாவும் மரத்தோடு புழங்கியவர்தான். ஜப்பார் துண்டைத் திருப்பினார். பின்பக்கம் இருந்ததை வாசித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் அதை நீட்டினார்.

பென்சில் எழுத்து, அப்பாவின் எழுத்து. அவள் பொய்த் தேதி போட்டதற்கு மறுநாள் தேதி.

'இது அன்றைய துண்டு இல்லை. மதி சொல்வாள்.'

யானுஷின் கடிதம் ஒன்றை அப்பா சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியது அவள் நினைவுக்கு வந்தது. தங்கள் பட்டறையில் தப்பாக ஒட்டினவனை யாரும் கேட்பதில்லை, தேடுவதில்லை. அவனாக வந்து சொல்கிறவரைக்கும் அந்தக் கிளைடர் தரையைவிட்டு எழும்பாது என்று எழுதியிருந்தார். மனுசன்னா அவன் மனுசன் என்று அப்பா அன்றைக்கு இன்னொரு கரண்டி சோறு வாங்கித் தின்றார். மதி கையைக் கழுவிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம் அவளுக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"அண்ணே, அது பறக்காது" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நடுச்சட்டத்துல ஒட்டு புடிக்கல. பசையத் தப்பாக் கலக்குனது நாந்தேன். துண்ட மாத்தி வச்சதும் நாந்தேன்."

பழனிக்குமார் துண்டை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அப்பாட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல மதி?"

"அவரு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம்ல? போலந்துக்காரன் பட்டறைக்கு அது சரி. நான் அவரு மக."

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா கழற்றின ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அழுது தொண்டை கட்டியிருந்தது.

"அப்ப அப்பனும் மகளும் சேந்துதேன் இம்புட்டு வருசமா என்னயக் குனிய வச்சீகளா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் மதிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

நாலு மணிக்குமேல் சங்கு ஊதி நீர்மாலைக்குப் போய்த் தண்ணி எடுத்து வந்தார்கள். குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போடும்போது மதி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். உதடு லேசாகத் திறந்திருந்தது. கேட்க வாயெடுத்தவர் மாதிரி இருந்தது என்று நினைக்க அவளுக்கு ஆசைதான். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்த பழனிக்குமார் சுவரோரம் பார்க்கவே இல்லை. பெண்கள் தெருமுக்கு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். நீர்மாலைக்குப் போனவர்களில் யாரோ நனைந்த துண்டை உதறி றெக்கையின் மேல் காயப்போட்டிருந்தார்கள். அதை எடுக்க வேண்டும் என்று மதிக்குத் தோன்றவில்லை.

பிறகு வீடு கழுவினார்கள். கூடம் பெரிதாக, வேறு யாரோ ஒருவர் வீடு மாதிரி இருந்தது. கொக்கியில் கயிற்று நுனி மட்டும் தொங்கியது. எடுத்த இடத்தில் விளக்கேற்ற வேண்டும், தீப்பெட்டி அடுப்படியில் இருக்கிறது என்று அம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். ஈரத்தில் வழுக்கும் என்று மதி சொன்னதைக் காதில் வாங்காமல் நடந்தாள்.

அடுப்படிக்குப் போகிற வழியில், வழக்கமான இடத்தில், அம்மா குனிந்து போனாள்.

மதி மிச்சத் தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். அந்த இடம் வந்ததும் அவளும் குனிந்தாள்.