கோடி வர நேரமாகும்

ஐஸ் பெட்டியின் வயரைச் செருக இடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கோகிலவாணிக்கு அது உறைத்தது. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. விடிந்ததிலிருந்தே ஓடவில்லை. அழுகைச் சத்தத்தில் அவள்தான் கவனிக்காமல் இருந்துவிட்டாள்.

அந்தத் தெருவின் வழக்கம் அது. சாவு விழுந்துவிட்டால் பிணத்தை எடுக்கும்வரை எந்தப் பட்டறையிலும் தறியை ஓட்ட மாட்டார்கள். செத்தவர் வாய்க்கா வரப்புச் சண்டைக்காரராக இருந்தாலும் சரி, போன மாதம் வாடகைக்கு வந்தவராக இருந்தாலும் சரி. ஊர்வலம் தெருமுனை தாண்டியதும் ஒவ்வொரு பட்டறையாகக் கிளம்பிவிடும். அதற்கு மேல் துக்கம் காக்க யாருக்கு முடியும், வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இன்று செத்தது காளியப்பன், அவளுடைய அப்பா. பாலசுந்தரம் பட்டறையில் தறி ஃபிட்டர். பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி குழாயடியில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. பட்டறைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டு வாசலில்தான் இப்போது பெட்டிக்குள் கிடந்தார். மகன் தனசேகர் ராய்ச்சூர் பக்கம் ரிக் வண்டியில் போர் போட்டுக்கொண்டிருந்தான். கார் பிடித்து வருவதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை தறி ஓடாது.

கோகிலவாணி உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு அந்த அரிசிச் சாக்கை இழுத்தாள். கனமாக வந்தது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த மனுசன் சாவதற்கு ஒரு நாள் பார்த்தாரே என்று பல்லைக் கடித்தாள்.

சாக்குக்குள் இருந்தவை அப்பா செய்த பிடிகள். தறியின் இரண்டு கோடியிலும் நாடா வந்து தங்கும் பெட்டி உண்டு. ஊடு நூலை இழுத்துக்கொண்டு வேகமாக வரும் நாடா, பெட்டியின் முனையில் மோதிக் கொஞ்சம் பின்னால் துள்ளும். துள்ளி அரைகுறையாக நிற்கும் நாடாவின் மேல் அடுத்த அடி கோணலாக விழுந்தால், அது நீளவாக்கில் கட்டிய பாவு நூலை விட்டு வெளியே பறக்கும். முனையில் இரும்புக் கூர் வேறு. அப்படிப் பறந்த நாடா ஒன்றுதான் அவள் அம்மா அத்தாயியின் இடது கண்ணைக் கொண்டுபோனது. அம்மாவின் தறிகூட இல்லை, பக்கத்துத் தறியின் நாடா.

அன்றிலிருந்து காளியப்பனுக்கு வேறு நினைப்பில்லை. வில்தகட்டில் லாரி டியூப் ரப்பரை ஒட்டி, பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்து, வந்த நாடாவைத் துள்ளாமல் பிடித்து நிறுத்திவிட்டு அடுத்த அடி விழும்போது விட்டுவிடும் ஒரு பிடியைச் செய்தார். முதல் பிடி நாடாவைப் பாவுக்கு நடுவில் நிறுத்திப் பாவையே அறுத்தது. அதற்கடுத்ததும் அறுத்தது. இப்படிப் பல பாவுகளை அறுத்தபிறகுதான் ஒன்று சரியாக அமைந்தது. அத்தாயியின் தறியில் அதை மாட்டினார். அதற்கப்புறம் அந்தத் தறியில் நாடா பறந்ததே இல்லை. கோகிலவாணி ஓட்டும் தறி உட்பட மற்ற ஏழு தறிகளுக்கும் பிடிகளைச் செய்து வைத்துக்கொண்டு, மாட்டுவதற்குத் தறியை நிறுத்தும்படி பாலசுந்தரத்திடம் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். "தறி நிக்கக் கூடாதுங்க, ஆர்டர் கெடக்குது" என்ற ஒரே பதில்தான்.

கோகிலவாணி அம்மாவிடம் போய்க் குனிந்தாள். அத்தாயி தலைவிரி கோலமாகப் பெட்டியோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, தறி எல்லாம் நிக்குது."

அத்தாயி நிமிரவில்லை. "நானும் அதையத்தான் நெனச்சுட்டு இருக்கறேன். ஏழும் ஆவுமா?"

"ஒருத்தியா ஆவாதும்மா."

"உன்ற மாமன் கெங்கவல்லில இருந்து கெளம்பிட்டான். பின்பக்கமா பட்டறைக்கு வரச்சொல்லி போன் பண்ணு. கோடிச்சேலையோட அங்கயே புடிச்சு வெச்சுக்க. நான் கூப்புடற வரைக்கும் அவன் வாசலுக்கு வரப்படாது." அவள் மூக்கைச் சிந்தினாள். "பொறந்த ஊட்டுக் கோடி வராம எவன் தூக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

அடுத்த மூச்சில் "என்ற சாமீ, என்னையத் தனியா உட்டுட்டுப் போயிட்டயே" என்று பெட்டியில் தலையை முட்டிக்கொண்டாள். அந்த அழுகையிலும் பொய்யில்லை. நாற்பது வருடம் கூட இருந்தவர்.

முதல் தறியில் பெட்டியின் பலகையைக் கழற்றும்போதே பாலசுந்தரம் வந்துவிட்டான். அப்பாவை விட வயதில் சின்னவன், நல்ல மாதிரிதான், ஆனால் தறி நின்றால் அவனுக்கு மூச்சு நின்றுவிடும். நெற்றியில் திருநீறு இல்லாமல் துண்டைத் தோளில் போட்டுச் சாவுக்கு நிற்கும் கோலத்தில் இருந்தான்.

"என்ன கோகிலா இது? அப்பன் அங்க கெடக்கறாரு, நீ இங்க ஸ்பேனரத் தூக்கிட்டு வந்துட்ட. பாக்கறவிய என்ன சொல்லுவாங்க?"

"ஊர் வாய மூட ஒலமூடியா இருக்குதுங்ணா? சொல்லட்டும்."

"அது கெடக்குது. ஓட்டிப் பாக்காம மாட்டறயே, நாளைக்கு எல்லாப் பாவும் அறுந்துச்சுன்னா? ஒண்ணு ரெண்டு இல்ல, ஏழு."

"அறுந்தா நானே ஒக்காந்து பிணைக்கறேன். இழை இழையா."

"இத்தன நாள் இல்லாம இன்னைக்கென்ன அவசரம்?"

கோகிலவாணி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "ஏனுங்ணா, அப்பா உங்ககிட்ட எத்தன தடவ கேட்டாரு? உங்க தறி நிக்கோணும்னா ஒருத்தரு சாகோணும். செத்தாச்சு. இப்பவாச்சும் உடுங்க."

பாலசுந்தரத்தின் கண் அத்தாயியின் தறி மேல் நின்றது. பிறகு சுவரிலிருந்த போர்டுக்குப் போய் மோட்டார் பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"எவனாச்சும் தெரியாம சுச்சத் தட்டிறப் போறான். பாத்துச் செய்யி" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

சந்திரசேகர் மாமன் உச்சிவெயிலில் பின்கதவு வழியாக வேர்த்து வடிய நுழைந்தார். கையில் மஞ்சள்பை, அதற்குள் அக்காவுக்கான கோடிச்சேலை. வாய் ஓயவில்லை. "என்னாடி பாப்பா இது அக்கிரமம்? மச்சான் மொகத்தக்கூடப் பாக்கல. கோடியக் கையில வச்சிக்கிட்டுத் திருட்டுப்பய மாதிரி பின்வாசல்ல வரேன். எங்க ஊர்ல சொன்னா காறித் துப்புவாங்க."

"அம்மாதான் சொல்லுச்சு மாமா."

"அவ சொல்லுவா. சின்னதுல இருந்தே பிடிச்ச முயலுக்கு மூணு காலுதான் அவளுக்கு." பையை ஆணியில் மாட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி, நான் என்னா பண்ணணும்?"

சக்கரத்தைச் சுற்றுவது அவர் வேலை. அவள் பிடியை மாட்டி, ஸ்பிரிங்கைத் திருகி, "சுத்துங்க" என்பாள். மாமன் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுவார். மெல்லச் சுற்றினால் நாடா தானாகப் போகாது. அவளே அதைக் கையால் தள்ளிப் பெட்டிக்குள் விட்டு, பிடி கவ்வுகிறதா, நாடாவை அடிக்கும் குச்சி தொடும்போது விடுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். இறுக்கமாக இருந்தால் பாவு போகும், தளர்வாக இருந்தால் கண் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருந்தது. அதை அப்பா விரலாலேயே கண்டுபிடிப்பார், அவள் ஒவ்வொரு தறியிலும் தடுமாறித்தான் கண்டுபிடித்தாள். ஒரு இடத்தில் ரப்பர் அளவுக்கு மேல் நீண்டிருந்தது. அதைச் சீவும்போது, இதை வெட்டிய அன்று அப்பா கையைக் கிழித்துக்கொண்டு திட்டியது நினைவுக்கு வந்தது. அப்போது அழுதாள். மாமன் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பி நின்றார்.

"சுத்துங்க மாமா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வெயில் சாய்ந்தபோது வாசலில் அழுகை ஓங்கியது. தனசேகர் வந்துவிட்டான். "அப்பா, அப்பா" என்று அவன் கத்துவது பட்டறைக்குள் கேட்டது. இன்னும் ஒரு தறி பாக்கி, சுவரோரத் தறி. அதன் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், அசையவில்லை.

வெளியே ஆட்கள் அவசரப்பட ஆரம்பித்தார்கள். தண்ணீர் வார்த்து, எண்ணெய் அரப்பு வைத்து எல்லாம் முடிந்திருந்தது. "பொழுதெறங்கறதுக்குள்ள எடுத்தர்லாமுங்க" என்றது ஒரு குரல்.

"என்ற பொறந்த ஊட்டுக் கோடி வரல" என்றாள் அத்தாயி.

அப்பாவின் தங்கை, நாமக்கல் அத்தை, பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "ஏனக்கா, கெங்கவல்லில இருந்து வாரானா, காசிக்குப் போயிட்டு வாரானா உன்ற தம்பி? காலைல கெளம்புனவன இன்னுங் காணம்!"

"வரும்போது வரட்டும். கோடி இல்லாம இந்தக் கட்டைய எடுத்தீங்கன்னா நான் குறுக்க படுத்துக்குவேன்."

அம்மாவின் குரலைக் கேட்டுப் பட்டறைக்குள் மாமன் தலையில் கைவைத்துக்கொண்டார். "பாவி, என் மானத்த வாங்குறாளே. பாப்பா, எப்படியாச்சும் சீக்கிரம் முடி."

பின்கதவு திறந்தது. தனசேகர் நின்றான். வீங்கிய கண், பயணத் தூசி, இடுப்பில் ஈரத்துண்டு. கொள்ளி வைக்க வேண்டியவன். தங்கையைத் தேடி வந்தவன் முதலில் மாமனைப் பார்த்தான், பிறகு ஆணியில் தொங்கிய மஞ்சள்பையை, பிறகு தறிகளை. ஒவ்வொரு பெட்டியிலும் பளபளத்த தகட்டை அவன் பார்த்துக்கொண்டே வந்தான். இதற்கு வில்தகடு வாங்கிக் கொடுத்ததே அவன்தான். கத்தப் போகிறான் என்று கோகிலவாணி நினைத்தாள்.

"எத்தன பாக்கி?" என்றான்.

"இது ஒண்ணுதாண்ணா. போல்ட்டு வர மாட்டேங்குது."

அவன் ஸ்பேனரை வாங்கினான். ஒரு இரும்புக் குழாயை அதில் செருகி, காலைத் தறியின் சட்டத்தில் ஊன்றி, மொத்த உடம்பையும் கொடுத்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. கிறீச்சென்று போல்ட் அசைந்தபோது அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அழுகைதான். அதோடேயே பழையதைக் கழற்றிப் போட்டு, அவள் எடுத்துக் கொடுத்த பிடியை வைத்து, அவனே இறுக்கினான். அவள் விரல் விட்டுப் பார்ப்பதற்குள் வெளியே பறை ஓங்கியது.

"போதும், போங்க மாமா" என்றான். "முன்பக்கமாச் சுத்திப் போங்க. பஸ்சு கெடைக்கலைன்னு சொல்லுங்க."

மாமன் பையை எடுத்துக்கொண்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் அவர் "அக்கா" என்று அலறுவதும் அத்தை அவரைப் பிடித்துக்கொண்டு திட்டுவதும் கேட்டது. கோடி விழுந்தது. காளியப்பனைத் தூக்கினார்கள். கோகிலவாணி கிரீஸ் படிந்த கையோடு ஓடிப்போய்த் தெருமுனைவரை அழுதுகொண்டு நடந்தாள். அதற்கு மேல் பெண்கள் போகக் கூடாது.

திரும்பி வந்ததும் குழாயடியில் அத்தாயியை உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். கோகிலவாணிக்கும் ஊற்றினார்கள். இரண்டாவது குடம் ஊற்றும்போது எதிர்வீட்டுப் பட்டறை கிளம்பியது. அதற்கடுத்தது. தெரு முழுக்கத் தறிச்சத்தம் நிறைந்தது. பாலசுந்தரத்தின் பட்டறை மட்டும் இன்னும் சும்மா இருந்தது. அவன் பீஸ் கட்டைகளை மாட்டிக்கொண்டிருப்பான் என்று அவள் நினைத்தாள்.

ஒரு தறி கிளம்பியது. இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து. அவளுடையதையும் அம்மாவுடையதையும் தவிர எல்லாம் ஓடின. பாவு அறுந்தால் தறி படாரென்று நிற்கும், நாடா பறந்தால் சுவரில் அறையும். இரண்டில் ஒன்று கேட்குமோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். நாமக்கல் அத்தை ஒப்பாரியைத் தொடங்கி, தொடர ஆள் இல்லாமல் நிறுத்தினாள். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

அத்தை அடுத்த குடத்தைத் தூக்கினாள். அத்தாயி கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல், தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தறிச்சத்தத்தைக் கேட்டாள்.

"கோகிலா."

"என்னம்மா."

"சொவுத்தோரத் தறில அடி கனமா உளுவுது. உங்கண்ணன் ரிக்கு போல்ட்டுன்னு நெனச்சு இறுக்கிட்டான். போயி அரைச் சுத்துத் தளத்தியுடு."

"அடி ஆத்தா, ஈரச்சேலையோடவா?" என்றாள் அத்தை.

கோகிலவாணி முந்தானையைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள். பின்னால், அம்மாவின் தலையில் அடுத்த குடம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.