அப்பா ஏன் கதவைச் சாத்தினார்

அழுகும் புண்ணின் நாற்றத்தில் ஒரு தித்திப்பு உண்டு. நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடையில் வேலை பார்க்கிற எனக்கு அது அத்துப்படி. காதுக்குள் புண் வைத்த நாயை மேசைமேல் தூக்கி வைத்தால் போதும், காதைத் திருப்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுப் படியேறும்போது அதே நாற்றம் மூக்கில் ஏறியது. அண்ணன் வீட்டில் நாய் கிடையாது.

நாற்றம் அப்பாவின் அறையிலிருந்து வந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கதவடியில் ஈரத்துணியைச் சுருட்டிச் செருகி வைத்திருந்தார் அண்ணி. நடையில் எலுமிச்சை வாசனை ஸ்பிரே வேறு அடித்திருந்தார்கள். அழுகலும் எலுமிச்சையும் கலந்தால் என்ன வாசனை வரும் என்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. வலது கால் கட்டைவிரல் பக்கத்தில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார். அடுத்த முறை கேட்டபோது ஆறிவிட்டது என்றார். கடையில் என்னோடு வேலை பார்ப்பவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள், அதனால் சில ஞாயிறுகளாக என்னால் வர முடியவில்லை. அதற்குள் அப்பா கதவைத் திறப்பதையே நிறுத்திவிட்டாராம். அண்ணி சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனால், ஆள் அரவம் அடங்கின பிறகு எடுத்துக்கொள்வாராம்.

அண்ணனும் தம்பியும் அந்தக் கதவுக்கு வெளியே ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வாரத்தில் ஆறு நாள் சோபா விற்பார், ஏழாம் நாள் சபையில் மூப்பர். தம்பி அதே வீட்டு மாடியில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எங்கள் குடும்பத்தில் அவனுக்குச் 'சுதந்திரம்' என்று பேர். என் மண்டை, நான் ஏன் ஹெல்மெட் போட வேண்டும் என்று நடுரோட்டில் போலீஸ்காரரிடம் வாதாடி வாங்கின பேர் அது. உடம்பு ஆண்டவருடையது என்பார் அண்ணன். என் உடம்பு என்னுடையது என்பான் தம்பி. இந்தச் சண்டையில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது என்று சொல்லி மாளாது.

"எத்தனை நாளா இந்த நாத்தம்?" என்று கேட்டேன்.

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும்மா," என்றார் அண்ணன். "சபையில எல்லாரும் பாரத்தோட ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம்."

"டாக்டரைக் கூப்பிடலையா?"

"அப்பா வேணாம்னுட்டார்க்கா," என்றான் தம்பி. "புத்தி தெளிவாத்தான் இருக்கார். அவர் உடம்பு, அவர் முடிவு."

"கால் அழுகுதுடா."

"அழுகவிடணும்னு ஒருத்தர் முடிவு பண்ணா, அதுவும் அவர் உரிமைதான்."

பெற்ற தகப்பனைப் பற்றி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னான்.

நான் அண்ணனைப் பார்த்தேன். "தகப்பனைக் கனம்பண்ணணும்னு வேதத்துல இருக்கு," என்றார். "அவர் சாத்தின கதவை நான் உடைச்சா அது கனமா?" அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அதோட, உள்ள துணி இல்லாம இருக்கார் போலிருக்கு. லுங்கி புண்ணுல ஒட்டிக்குதாம். உங்க அண்ணி ஜன்னல் வழியா பார்த்துட்டா. நோவாவோட கதை உனக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. ஞாயிறு பள்ளியில் படம் வரைந்து வர்ணம் அடித்த கதை. நோவா குடித்துவிட்டு ஆடை விலகிக் கிடக்கிறார். பார்த்த மகனின் வம்சத்துக்குச் சாபம். மற்ற இரண்டு மகன்களும் துணியை எடுத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்புறமாகவே நடந்துபோய் மூடுகிறார்கள். அவர்களுக்கு ஆசீர்வாதம். என் அண்ணன் அந்தக் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அழுகும் காலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக அண்ணனும் தம்பியும் ஒத்துப்போயிருந்தார்கள். கதவைத் தொடக் கூடாது.

நான் தட்டினேன். "அப்பா, நான்தான் வந்திருக்கேன்."

"தூங்கப் போறேன். நீ போயிட்டு வா பாப்பா." பேச்சில் காய்ச்சல் தெரிந்தது.

"கதவை உடைக்கப் போறேன்," என்றேன்.

தம்பி எழுந்து கதவுக்கு முன்னால் நின்றான். "அக்கா, இது அத்துமீறல்."

"ஆமா, அத்துமீறல்தான். தள்ளு."

தள்ளி நின்றான். தொட்டுத் தடுப்பது அவன் கொள்கைக்கு விரோதம். அந்தக் கொள்கையால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அதுதான். தாழ்ப்பாள் சின்னது. தோளால் இரண்டு இடி இடித்ததும் திருகாணியோடு பிய்த்துக்கொண்டு வந்தது.

"பொறு, பொறு," என்று அண்ணன் ஓடிப்போய் ஒரு போர்வையை எடுத்து வந்தார். அதைத் தோள்மேல் விரித்துப் போட்டுக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், பின்புறமாகவே நடந்து அப்பாவின் அறைக்குள் போனார். கண்களையும் மூடிக்கொண்டார். நாலைந்து அடி போயிருப்பார். அப்பா புண் துடைத்த துணிகளை ஊறப் போட்டிருந்த வாளி வழியில் இருந்தது. அண்ணனின் குதிகால் நேராக அதற்குள் இறங்கியது. மஞ்சள் தண்ணீர் கணுக்காலுக்குமேல் ஏறியது. காலை உதறினார், வாளி வரவில்லை. வாளியோடு டங்கு டங்கென்று வெளியே ஓடினார். குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், ஸ்தோத்திரம் சொல்கிற சத்தமும், ஓங்கரிக்கிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. போர்வை வாசலிலேயே கிடந்தது.

அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு இருந்தது. அண்ணன் அவ்வளவு பயந்த நிர்வாணம் அங்கே இல்லவே இல்லை. காலை நான் பார்த்தேன். இரண்டு விரல்கள் கறுத்து நீர் கோத்திருந்தன. மெத்தையில் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன. விரலிடுக்கில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. எனக்கு அருவருப்பே கிடையாது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அறைக்குள் இருந்த கழிவறைக்கு ஓடி வயிற்றில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் திரும்பி வந்தேன்.

"பாக்காதே. போ," என்றார் அப்பா. காலைப் பிடித்தேன். அடித்தார். அடியில் பலம் இல்லை. "விடு. விடுடி."

"வேணாங்கிறார்க்கா, காதுல விழலையா?" என்று வாசலிலிருந்து தம்பி கேட்டான்.

"விழுது. போய் ஒரு வாளி வெந்நீர் கொண்டு வா."

"அவர் சம்மதம் இல்லாம தொடறதுக்கு நான் உடந்தையா இருக்க முடியாது. உன் கடை நாயும் அப்பாவும் ஒண்ணா?"

"நாய்க்குக் கொடுப்பினை இருக்குடா. அதுக்கு யாரும் தத்துவம் சொல்றதில்லை."

வெந்நீர் கொண்டுவந்தது அண்ணிதான். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியை வாசலுக்குள் தள்ளிவிட்டுப் போனார். அப்பா அடித்துக்கொண்டே இருந்தார், நான் கழுவிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டு அழ ஆரம்பித்தார். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அழுதார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உயிரோடு பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டர். அப்பா வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சபையில் சாட்சி சொன்னார். ஆண்டவர் என் தகப்பனின் காலைக் காத்தார் என்று கண்ணீர் விட்டாராம். அதில் வாளி வரவில்லை. தம்பி இணையத்தில் ஒரு நீளமான கட்டுரை எழுதினான். அன்பு என்கிற பேரில் வீடுகளுக்குள் நடக்கும் வன்முறை பற்றி. பேர் சொல்லாமல் நான் அதில் இருந்தேன். முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் கைதட்டியிருந்தார்கள். படித்துவிட்டுப் போனைக் கழுவலாமா என்று இருந்தது.

நான் புருஷனை விட்டுவிட்டு வந்தபோதும் இதே கதைதான். பாவம் என்றார் அண்ணன், உன் உரிமை என்றான் தம்பி. என் முதுகில் என்ன காயம் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் கடை முடிந்ததும் கட்டு மாற்றப் போனேன். அப்பா என்னோடு பேசவில்லை. காலை நீட்டுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதுதான் என்னை அரித்தது. ஒருவேளை தம்பி சொன்னது சரிதானோ? கதவைச் சாத்திக்கொண்டு சாக வேண்டும் என்று ஒரு மனுஷர் நினைத்திருந்தால், அதை உடைக்க நான் யார்? அண்ணன் சொன்ன கனமும் அதுதானோ? பஸ்ஸில் திரும்பிப் போகும்போதெல்லாம் இதே யோசனை. கையில் மருந்து வாடை, மனசில் இந்த முள்.

ஒரு நாள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன். கட்டைப் பிரித்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். "உங்களைச் சாகவிடலைன்னு என்மேல கோவமாப்பா?"

அப்பா காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "முதல்ல உன் அண்ணன்கிட்டதான் காட்டினேன்."

"எதை?"

"காலைத்தான். கொப்புளம் உடைஞ்ச அன்னிக்கே. ஜெபம் பண்ணான். எப்பவும் மேல கை வச்சுத்தானே பண்ணுவான். அன்னிக்குக் கையை அந்தரத்துலயே வச்சுக்கிட்டான். மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிடுங்கப்பா, சொஸ்தமாகும்னான். இந்த வயசுல நான் எந்தப் பாவத்தைப் போய்த் தேடறது?"

நான் பஞ்சைப் பக்கத்திலிருந்த வெந்நீரில் நனைத்துப் பிழிந்தேன்.

"அப்புறம் சின்னவன்கிட்ட காட்டினேன். டாக்டர்கிட்ட போறதா வேணாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் எதையும் உங்கமேல திணிக்க மாட்டேன்னான். என்னால வாசப்படியே இறங்க முடியலை, நான் தனியா என்ன முடிவு பண்றது? கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவான்னு பார்த்தேன். சொல்லலை. சரி, வேணாம்னேன். அவன் மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாரு." நிறுத்தி, மூச்சு வாங்கினார். "அதுக்கப்புறம்தான் கதவைச் சாத்திக்கிட்டேன்."

"என்கிட்ட மட்டும் ஏன்ப்பா ஆறிடுச்சுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு மூஞ்சி பார்த்தாச்சு. மூணாவதும் அப்படியே ஆயிட்டா என்ன பண்றது? நீயும் வாந்தி எடுத்தே. கேட்டுச்சு." அப்பா முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். "ஆனா வாயைக் கழுவிட்டு வந்தே."

நான் பழைய கட்டுகள் கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். முன்னறையில் அண்ணனும் தம்பியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு அப்பாவைப் பற்றித்தான். மனுஷன் தன் இஷ்டப்படி வாழ ஆரம்பித்ததால்தான் உலகம் இப்படிக் கெட்டுக் கிடக்கிறது என்று அண்ணன் சொல்ல, அடுத்தவன் வாழ்க்கையில் மூக்கை நுழைக்கிறவர்களால்தான் கெட்டது என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு டீக்கோப்பைகளுக்கும் நடுவில் தட்டை வைத்தேன். சீழும் ரத்தமும் ஊறின துணி அவர்கள் கண்ணுக்கு நேராகக் கிடந்தது.

"அப்பா உங்க ரெண்டு பேர்கிட்டயும் காலைக் காட்டினாராமே," என்றேன்.

அண்ணன் கோப்பைக்குள் பார்த்தார். தம்பி போனை எடுத்தான். அறைக்குள் நாற்றம் மெல்லப் பரவியது. முதலில் அண்ணனின் கை மூக்குக்குப் போனது. பிறகு தம்பியின் கை. அதில் மட்டும் அவர்களுக்குள் பேதமே இல்லை.

உள்ளேயிருந்து அப்பா கூப்பிட்டார். "பாப்பா, தண்ணி ஆறுது."

தட்டை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.